நைனாவைப் பார்க்க விழுப்புரம் டிக்கெட்

திண்டிவனத்தில் இறங்க வேண்டியவன் விழுப்புரத்துக்கு டிக்கெட் எடுப்பது எங்கள் பக்கத்தில் ஒரு கலை. சென்னையிலிருந்து தெற்கே போகிற பேருந்துகள் பலவற்றுக்குத் திண்டிவனத்து ஆட்களைக் கண்டால் ஆகாது. பாதி வழியில் இறங்கிப்போய் இருக்கையைக் காலியாக்கிவிடுவோமாம். "திண்டிவனம் ஏறாத!" என்று நடத்துநர் படியிலேயே மறிப்பார். நாங்கள் அசரமாட்டோம். விழுப்புரம் என்று சொல்லி ஏறி, விழுப்புரத்துக்கே டிக்கெட்டும் வாங்கி, திண்டிவனம் மேம்பாலம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்போம். வண்டி நிற்கும். இறங்கியதும் வயிற்று வலி போய்விடும். கல்லூரிக் காலத்திலேயே நான் இதில் தேர்ந்தவன். இருபத்தேழு வருடம் மஸ்கட்டில் குப்பை கொட்டிய பிறகும் அந்த வித்தை எனக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நைனா இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூற்று மூன்று வயது. ஒலக்கூருக்குப் பக்கத்தில் ஊர். ஆறு ஏக்கர் நிலம், மூன்று கிணறு, அதில் இரண்டில் தண்ணீர் கிடையாது. நான் மூத்தவன். அம்மா முன்பே போய்விட்டாள். தம்பி சேகர் அவரோடு இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான்.

நான் மஸ்கட்டில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் போனில், "பதறாதீங்க, மெதுவா மூச்சு விடுங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கு" என்று நான்கு மொழிகளில் சொல்வதுதான் என் உத்தியோகம். அப்படிப்பட்ட நான், சேகர் போன் செய்து "நைனா போயிட்டாருண்ணா" என்றதும் செய்த முதல் காரியம், ஏழு மாடியையும் படி வழியாக இறங்கி ஓடியது. கீழே வந்த பிறகுதான் எதற்கு வந்தோம் என்று யோசித்தேன். மறுபடி ஏழு மாடி ஏறினேன். வாசலில் மூச்சு வாங்கி நின்றவனைப் பார்த்து மனைவி, "நீங்களும் விழுந்துட்டா நான் யாருக்குன்னு அழறது? முதல்ல உக்காருங்க" என்றாள்.

உட்காரவில்லை. பெட்டி கட்டினேன். அந்தப் பெட்டியை ஊரில் திறந்தபோது உள்ளே இருந்தவை: ஒரு சலவைப் பெட்டி, மகளின் வேதியியல் புத்தகம், குளிருக்குப் போடும் கம்பளிச் சட்டை ஒன்று, இரண்டு கிலோ பேரீச்சம்பழம், டிவி ரிமோட். வேட்டி இல்லை. ரிமோட்டை மஸ்கட்டில் மனைவியும் மகளும் சோபாவைப் புரட்டிப் போட்டு இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். மகளுக்குத் தேர்வு. அதனால் அவர்கள் வரவில்லை. நான் மட்டும் கிளம்பினேன்.

ஆறு வருடமாக நைனாவின் முகத்தை நான் பார்த்திருக்கவில்லை. முதலில் கொரோனா, பிறகு வேலை மாற்றம், பிறகு லீவு இல்லை, பிறகு என்ன காரணம் என்று எனக்கே தெரியவில்லை. வீடியோ கால் இருக்கிறதே என்று கேட்கலாம். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவேன். நைனா போனைக் கையில் வாங்கியதும் காதில் வைத்துக்கொள்வார். போன் என்றால் காதுக்குத்தான் என்பது அவர் முடிவு. "நைனா, மூஞ்சிக்கு நேரா புடி" என்று கத்துவேன். "கேக்குது கேக்குது, சொல்லு" என்பார். ஆறு வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் ஒரு காதும், அதற்குள் வெள்ளையாக வளர்ந்திருந்த முடியும்தான். அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். மலையாளிகள், பாகிஸ்தானிகள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மண்ணுக்குள் போவதற்கு முன் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். "எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?" என்று சேகரிடம் கேட்டேன். "ஐஸ் பொட்டில வெச்சிருக்கோம். ஞாயித்துக்கெழம ரெண்டு மணிண்ணா. அதுக்குள்ள வந்துடு" என்றான். ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சென்னையில் இறங்கினேன். ஆறு மணி நேரம் கையில் இருந்தது. ஊர் மூன்று மணி நேரத் தூரம். ஒரு கழுதைகூடப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கார்தான் எடுத்தேன். ஓட்டுநர் நல்ல பையன். விஷயம் கேட்டதும் பாட்டை நிறுத்தினான். வண்டலூர் தாண்டியதும் காரே நின்றது. முன்பக்கத்திலிருந்து இட்லிப் பானை மாதிரி ஆவி வந்தது. "பத்து நிமிஷம் சார், சூடு தணிஞ்சா கெளம்பிடும்" என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். இதையேதான் நானும் லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் சொல்வேன். பத்து நிமிடம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பெட்டியை இழுத்துக்கொண்டு கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன்.

மஸ்கட்டில் ஒரு பேருந்தில் ஆறு பேர் இருந்தால் கூட்டம் என்பார்கள். இங்கே ஒரு பேருந்தின் படியிலேயே ஆறு பேர் இருந்தார்கள். "விழுப்புரம், விழுப்புரம், விழுப்புரம் மட்டும் ஏறு! திண்டிவனம் ஏறாத!" என்று நடத்துநர் பாடிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பா செத்துட்டாருங்க, திண்டிவனத்துல எறக்கி வுடுங்க என்றால் எந்த நடத்துநரும் மறுக்கமாட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. பழைய சாமர்த்தியம் முந்திக்கொண்டது. "விழுப்புரம் ஒண்ணு" என்றேன். ஜன்னலோர இருக்கைகூடக் கிடைத்தது. யாருக்கும் தெரியாமல் உள்ளூர ஒரு சிரிப்பு சிரித்துக்கொண்டேன்.

இரண்டு ராத்திரி தூங்காதவன் நான். மேல்மருவத்தூரில் சிவப்புப் புடவைக் கூட்டம் சாலையைக் கடந்தது வரை ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு ஞாபகம் இருப்பது தோளில் ஒரு தட்டு.

"சார், விழுப்புரம் வந்தாச்சி. எறங்கு. இந்தப் பொட்டி உன்துதான?"

"திண்டிவனம்?" என்றேன்.

"அது போயி முக்கா மணி நேரம் ஆவுது. நீ விழுப்புரந்தான டிக்கெட் எடுத்த? அதான் எழுப்பல. கொறட்ட வுட்டுகினு நிம்மதியா தூங்கினு வந்த." அவர் முகத்தில் பயணியை நல்லபடியாகக் கொண்டு சேர்த்த திருப்தி இருந்தது.

சென்னையிலிருந்து வரும்போது ஒலக்கூர் முதலில் வரும். திண்டிவனம் அதற்கப்புறம். விழுப்புரம் அதற்கும் அப்பால். அதாவது நைனா படுத்திருந்த இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் நானும் படுத்தபடியே கடந்து போயிருக்கிறேன். மணி ஒன்று இருபது. போனில் சேகரிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள். எடுத்து என்ன சொல்வது? வீட்டைத் தாண்டி வந்துட்டேன்டா என்றா? போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

அப்போதுதான் இன்னொரு கேவலம் நடந்தது. எனக்குப் பசித்தது. சாதாரணப் பசி இல்லை. நிலையத்துக்கு உள்ளேயே ஒரு கடையில் வெங்காய போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஊரில் பங்காளி வீடுகள் எதிலும் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள். பிணத்தை எடுக்கும் வரை யாரும் சமைக்கக் கூடாது. குழந்தைகள்கூட டீயும் பன்னும் தின்றுகொண்டு காத்திருக்கும். இங்கே அந்தப் பிணத்தின் தலைப்பிள்ளை நான்கு போண்டாவை நின்றபடி விழுங்கினேன். கடைக்காரர் சட்டினியை ஊற்றிவிட்டு, "மெதுவா சாப்புடு சார், உன்து யாரும் புடுங்கல" என்றார்.

நைனாவுக்கு விழுப்புரம் என்றால் கோர்ட்டு. பக்கத்து நிலத்து முருகேசன் மாமாவோடு ஒரு வரப்புத் தகராறு. ஒன்றரை அடி அகலம் இருக்கும். அதற்குப் பதினோரு வருடம் வழக்கு நடந்தது. வாய்தா நாளில் இருவரும் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் வருவார்கள். நைனா கட்டிவந்த கேப்பைக் களியை மாமா பாதி தின்பார். மாமா வீட்டுக் கருவாட்டுக் குழம்பு நைனாவுக்கு. கோர்ட்டு வாசலில் கையைக் கழுவிவிட்டு இவர் இந்தப் பக்கமும் அவர் அந்தப் பக்கமும் போய் நிற்பார்கள். சாயங்காலம் மறுபடி ஒரே பேருந்து. தீர்ப்பு வருவதற்கு முன்பே முருகேசன் மாமா செத்துப்போனார். நைனா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "இனிமே நான் எவன்கூடடா கோர்ட்டுக்குப் போறது?" என்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரப்பை இன்றுவரை இரண்டு வீட்டாரும் வெட்டவில்லை.

திண்டிவனம் வண்டி ஒன்றரைக்குக் கிளம்பியது. பக்கத்தில் வேகவைத்த மல்லாட்டைக் கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். என்னைவிடச் சின்ன வயதுதான் இருக்கும், உழைப்பு வயதைக் கூட்டியிருந்தது. நான் நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்ப்பதும் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துத் தள்ளுவதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், பஸ்ஸ நீ தள்ளிகினு போறியா?"

சொன்னேன். அவரிடம்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன், அப்பா செத்துவிட்டார் என்று. சொன்னதும் கண் நிறைந்துவிட்டது.

"வயசு?"

"தொண்ணூத்தி மூணு."

"அட, கல்யாண சாவு சார்!" என்று தொடையில் தட்டினார். "பேரன் பேத்தி எடுத்து, நெய்ப்பந்தம் புடிக்க ஆளு வெச்சிகினு போயிருக்காரு. பட்டாசு வெடிச்சி ஆடிகினு அனுப்பணும். நீ இன்னாத்துக்கு அழுவுற? எங்க வூட்டுக்காரன் நாப்பத்தி ஒண்ணுல போனான். நானே அழுவல."

அதற்குமேல் அழுவது மரியாதையாக இருக்காது. மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவர் ஒரு கை மல்லாட்டையை என் மடியில் போட்டார். இன்னும் சூடாக இருந்தது.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. முன்னாலும் பின்னாலும் லாரிகள். ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப்போய் ஒரு மரத்தடியில் நின்றார். ஓட்டுநர் மரத்தடிக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். இரண்டு மணி ஆனது. இரண்டேகால். இரண்டரை. சேகர் மறுபடி கூப்பிட்டான்.

"ண்ணா, எங்கண்ணா கீற?"

விழுப்புரம் போய்த் திரும்பி வருகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. எங்கள் ஊரில் நான் பிறந்ததிலிருந்து கோமாளி என்று பெயர் எடுத்தவன். அப்பன் சாவுக்கு வந்தவன் வீட்டைத் தாண்டித் தூங்கிப் போனான் என்ற கதையை என் பேரன் காலம்வரை சொல்வார்கள்.

"செங்கல்பட்டுடா" என்றேன். "லாரி கவுந்துடுச்சி. ஒண்ணும் நவரல. ராத்திரி ஆயிடும் போல."

மல்லாட்டை அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், இது கூட்டேரிப்பட்டு" என்றார், உதவியாக. நான் போனைப் பொத்திக்கொண்டேன்.

"ராத்திரியா?" என்றான் சேகர். பின்னால் பறையும் நாதஸ்வரமும் கேட்டன. ஊரே அவனைச் சுற்றி நிற்பது தெரிந்தது. சூரியன் மறைந்தபின் மண்ணில் வைக்கமாட்டார்கள். பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். அறுபது எழுபது வயதுப் பங்காளிகள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடித்து உட்கார்ந்திருப்பார்கள். பதறும்போது நான் எப்போதும் ஒன்றுதான் செய்வேன். பெரிய மனுஷன் மாதிரி பேசுவேன்.

"எனக்காகக் காத்துகினு இருக்காதீங்கடா. எடுங்க."

"ண்ணா, நெஜமாத்தான் சொல்றியா?"

"மூத்தவன் நான் சொல்றேன். நைனா ஒரு நாள்கூட எதுக்கும் லேட்டா போனவரு இல்ல. ஆறு மணி ரயிலுக்கு நாலு மணிக்கே திண்டிவனம் ஸ்டேஷன்ல போயி குந்துவாரு. இதுக்கு மட்டும் என்னால லேட்டா போவணுமா? எடுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போலிருக்கிறது. நாலைந்து பேர் சிரித்தது கேட்டது. "பாஸ்கரு வாயி அப்பிடியே இருக்குதுப்பா" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த நிலையிலும் ஒரு சின்னப் பெருமை வந்தது. அதை மறைத்து என்ன பயன், வந்தது.

"சரிண்ணா" என்றான் சேகர்.

பத்து நிமிடத்தில் ஓட்டுநர் மரத்தடியிலிருந்து திரும்பி வந்தார். முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. அதன் பிறகு அந்தப் பேருந்து பறந்தது. மூன்று மணிக்கெல்லாம் திண்டிவனம். எடுத்திருந்தாலும் சுடுகாட்டிலாவது பிடித்துவிடலாம் என்று சேகருக்குப் போன் மேல் போன் போட்டேன். மேளச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்? ஆட்டோக்காரரிடம் ஊர் பேரைச் சொன்னதும், "கெயவரு சாவுக்கா? காலைலேந்து நாலு சவாரி அங்கதான். ஜல்தியா ஏறு சார்" என்றார்.

ஊர் எல்லையில் ஆட்டோ வேகம் குறைந்தது. சாலை நெடுகச் சாமந்தியும் ரோஜா இதழும் உதிர்ந்து கிடந்தன. நடுநடுவே பட்டாசுக் காகிதம். பூவின்மேல் சக்கரம் ஏறாமல் ஓரமாக ஓட்ட ஆட்டோக்காரர் பார்த்தார். முடியவில்லை, அவ்வளவு பூ. எங்கள் தெருவிலிருந்து தொடங்கி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஏரிக்கரை வழியாகச் சுடுகாட்டுப் பக்கம் போயிருந்தது. மிதிபட்டு, ஈரமாக இருந்தது. எதிரில் ஆண்கள் ஈரத் தலையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஏரியில் முழுக்குப் போட்டுவிட்டு வருகிறார்கள் என்றால் வேலை முடிந்துவிட்டது.

வீட்டு வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியை இருவர் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது காலியாக இருந்தது. கண்ணாடி மூடியின் உள்பக்கம் இன்னும் பனி பூத்திருந்தது. பங்காளி வீடுகளில் அடுப்பு புகைந்தது. அத்தை, அதாவது நைனாவின் தங்கை, எண்பத்தைந்து வயது, என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டது.

"வந்துட்டியா கண்ணு. அழுவாத. கல்யாண சாவு, அழுவக் கூடாது. இன்னாமா ஆடனாங்க தெரியுமா? பொம்பளைங்ககூட ஆடனாங்க. நீ போன்ல சொன்னியே, அதக் கேட்டு நானே சிரிச்சிட்டேன்."

மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக சேகர் வந்தான். கையைப் பிடித்துக்கொண்டான். என் பெட்டியைப் பார்த்தான், ஆட்டோவைப் பார்த்தான், மணியைப் பார்த்தான். நான்கு கூட ஆகவில்லை.

"செங்கல்பட்டுன்னியேண்ணா?"

"வழி கெடச்சிடுச்சி" என்றேன்.

அவன் வாய் கோணியது. "ண்ணா, அஞ்சரைக்குத்தாண்ணா எடுக்கறதா இருந்தோம். நீ லேட்டா வருவன்னுதான் ரெண்டுன்னு சொன்னேன். நீ ராத்திரின்னதும்தான்..."

எங்கள் பக்கத்தில் சாவுக்கு ஒரு நேரம் சொன்னால் அதில் மூன்று மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பச்சைக் குழந்தைக்குத் தெரியும். சொன்ன நேரத்துக்கு எந்த உறவும் வராது என்பதால் முன்கூட்டியே ஒரு நேரம் சொல்லிவைப்பார்கள். கேட்கிறவர்களும் கூட்டிக் கணக்குப் போட்டு வருவார்கள். யாரும் யாரையும் பொய்யன் என்று நினைப்பதில்லை. மஸ்கட்டில் இரண்டு மணி என்றால் இரண்டு மணி. விழுப்புரம் டிக்கெட் எடுக்க ஞாபகம் இருந்த எனக்கு இது மட்டும் மறந்துவிட்டது. அவன் நேரத்தில் ஒரு பொய் சொன்னான், நான் இடத்தில் ஒரு பொய் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நான்தான் எடுக்கச் சொன்னேன். மூத்தவன் சொல்லிவிட்டான் என்று எடுத்துவிட்டார்கள்.

"வுடு, நல்லதுக்குத்தான்" என்றேன். "எனக்குப் பொணம்னா பயம்னு உனக்குத் தெரியாதா?" சேகர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பேரீச்சம்பழத்தை எடுத்து அத்தையிடம் கொடுத்தேன். "எழவு வூட்டுக்கு எவன்டா பழம் வாங்கினு வருவான்?" என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

சாயங்காலம் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து எல்லோரும் நைனாவைப் பேசினார்கள். மல்லாட்டை மூட்டைகளோடு திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போய், விலை சரியில்லை என்று மூட்டைமேலேயே இரண்டு நாள் படுத்திருந்து, மூன்றாம் நாள் அத்தனையையும் வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்த கதை. இரண்டாவது கிணற்றில் எண்பது அடிக்கும் தண்ணீர் இல்லாமல் போனபோது, வெட்டிய ஆட்களுக்கு அடியிலேயே சோறு இறக்கச் சொல்லித் தானும் இறங்கி அவர்களோடு உட்கார்ந்து தின்ற கதை. இரண்டு தங்கைகளைக் கரையேற்றிய பிறகுதான் கல்யாணமே செய்துகொண்டார், முப்பத்தைந்து வயதில். சாகும் வாரம் வரை காலையில் எழுந்து மோட்டார் கொட்டகை வரை நடந்து, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "தண்ணி கீதான்னு பாத்துகினு வருவாரு. அது வேற எங்க போவும்?" என்றது அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிக்கும் இடத்தில் சிரித்தேன். எனக்குத் தெரிந்திருந்த கதைகள் பாதிதான். மீதியெல்லாம் நான் இல்லாத இருபத்தேழு வருடத்தில் நடந்தவை.

படங்களைக் கேட்டேன். சேகரின் மகன் இருநூறு படம் அனுப்பினான். ஐஸ் பெட்டிப் படங்களில் கண்ணாடியில் டியூப் லைட்டும், படம் எடுத்தவனின் கையும் போனும்தான் பளிச்சென்று தெரிந்தன. பாடைப் படங்களில் மாலை, அதன்மேல் மாலை, தலையில் புதுத் துண்டு உருமால், நடுவில் மூக்கு. பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக ஆக மூக்கும் கட்டம் கட்டமாகக் கலைந்தது.

அப்புறம் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தேன். "மொகம் எப்பிடி இருந்திச்சி?" சேகர் சொன்னான், "தூங்கற மாதிரியே இருந்தாருண்ணா." அத்தை சொன்னது, "தூங்கற மாதிரி கண்ணு." பங்காளிகள், பக்கத்து வீடு, மருமகள், முருகேசன் மாமாவின் மகன், எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சொல்லி வைத்தாற்போல. நைனா தூங்கும்போது எப்படி இருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் எழும்போது அவர் கழனிக்குப் போயிருப்பார். நான் தூங்கியபின் படுப்பார்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போனோம். புதைத்த மறுநாள் மேட்டின்மேல் பாலும் இளநீரும் ஊற்றி, நவதானியம் தூவுவது வழக்கம். சேகரின் வேட்டி ஒன்றைக் கட்டியிருந்தேன். எட்டு முழம், ஆனாலும் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்தபடி ஏரிக்கரையில் நடந்தேன். வழியில் நேற்றைய பூ வாடி மண்ணோடு ஒட்டியிருந்தது.

கோவிந்தன் முன்பே வந்து மேட்டைச் சரிசெய்து வைத்திருந்தார். காலனியில் இருப்பவர், என் வயதுதான். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு ஒன்றாகப் படித்தோம். கழனி வேலைக்குப் போகிறவர், ஊரில் குழி வெட்டுவதும் மூடுவதும் அவரும் அவர் அண்ணனும்தான். சேகர் இளநீர் சீவக் கத்தியை மறந்துவிட்டதால் வண்டியில் வீட்டுக்குத் திரும்பினான். மற்றவர்கள் புளியமரத்து நிழலுக்குப் போனார்கள். நானும் கோவிந்தனும் மேட்டுப் பக்கம் நின்றோம்.

"நேத்து கடைசியா உள்ள எறங்கனது நீதானே?"

"ஆமாண்ணா."

"எப்பிடி இருந்தாரு?"

கோவிந்தன் என்னைப் பார்த்தார். பிறகு மரத்தடியில் இருந்தவர்களைப் பார்த்தார். "அவங்க இன்னா சொன்னாங்க?"

"தூங்கற மாதிரின்றாங்க."

"அப்பிடித்தாண்ணா."

"கோவிந்தா, ஆறு வருஷமா நான் அவரு மொகத்தப் பாக்கலப்பா. நேத்தும் நான்தான் எடுக்கச் சொன்னேன். யார்கிட்ட கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் சொல்றாங்க. நீயாச்சும் சொல்லு."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"கட்டு எல்லாத்தையும் அவுத்துட்டுத்தாண்ணா மண்ணு தள்ளணும். கால் கட்டு, கை கட்டு, அர்ணாக்கயிறு. தாடையில கட்டியிருந்த துணிய அவுத்தேன். அவுத்ததும் வாயி தொறந்துகிச்சி. மூடிப் பாத்தேன், நிக்கல. பல்லு இல்ல இல்ல, உள்ள பள்ளமா இருந்திச்சி. கன்னத்துல ரெண்டு நாள் தாடி, ஐசுல ஈரமா இருந்திச்சி. எடது கண்ணு கொஞ்சூண்டு தொறந்தாப்பல. அவ்ளோதாண்ணா. மேல எல்லாரும் தள்ளு தள்ளுன்றாங்க. வாய்க்குள்ள மண்ணு போவுமேன்னு என் துண்ட எடுத்து மேல போட்டுட்டேன்." பிறகு சொன்னார், "புதுசு இல்லண்ணா. காலைலேந்து வேல செஞ்ச துண்டு. கோச்சிக்காதீங்க."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்னிடம் எப்போதும் ஏதாவது இருக்கும்.

"இன்னா கலரு?" என்றேன்.

"பச்சண்ணா. பச்சையில வெள்ளக் கோடு."

அங்கேயே, அந்த மண்ணில், உட்கார்ந்தேன். வேட்டி அவிழ்ந்தது. பிடிக்கவில்லை. கல்யாண சாவில் அழக் கூடாது என்று சொல்ல மரத்தடியிலிருந்து யாரோ எழுந்து வந்தார்கள். கோவிந்தன் கையைக் காட்டி அவர்களை அங்கேயே நிறுத்தினார்.

சேகர் கத்தியோடு வந்து சேர்ந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. அவன் சொம்பை என் கையில் வைத்தான். "தலைப்பிள்ள நீதாண்ணா. ஊத்து."

மேடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. நான் எங்கே ஊற்றப் போனேனோ தெரியவில்லை, கோவிந்தன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அது காலுண்ணா" என்று மெதுவாக என் கையைத் தெற்கே நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம். இங்க. இங்கதான் மொகம்."

ஊற்றினேன். பால் தீர்ந்த பிறகும் சொம்பைக் கவிழ்த்தபடியே பிடித்திருந்தேன். அவர் என் கையை விடவில்லை.